மாண்டிசோரி முறையில் வீட்டுக்கல்வி

மாண்டிசோரி முறையில் வீட்டுக்கல்வி என்பது, இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி (1870–1952) வகுத்த கல்விமுறையைப் பின்பற்றி, பெற்றோர் தம் இளங்குழந்தைகளுக்கு வீட்டிலேயே கற்பிப்பதாகும். பொதுவாக இரண்டரை அகவை முதல் ஆறு அகவை வரையுள்ள குழந்தைகளுக்கே இது பயன்படுத்தப்படுகிறது. சில குடும்பங்கள் பள்ளியை முழுமையாகத் தவிர்த்து இதனை மேற்கொள்கின்றன. வேறு சில குடும்பங்கள் பள்ளியில் சேர்க்கும் வயது வரும் வரை மட்டுமே மேற்கொள்கின்றன.

இம்முறை ஒரு குடும்பத்துக்காகவோ ஒரு தனிக் குழந்தைக்காகவோ உருவாக்கப்பட்டதன்று. வெவ்வேறு வயதுடைய முப்பது, நாற்பது குழந்தைகளும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பதே அதன் அடிப்படை. ஆகவே அதன் எந்தப் பகுதி வீட்டுக்குள் இயல்பாகப் பொருந்தும், எந்தப் பகுதி பொருந்தாது என்பதே இவ்வகை வீட்டுக்கல்வியின் முதன்மையான சிக்கலாகும். கருவிகளை விலைக்கு வாங்கிவிடுவதால் இச்சிக்கல் தீர்வதில்லை.

வரலாறு

மரியா மாண்டிசோரி 1896 ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகளிடையே பணியாற்றினார். இட்டார், செகுவின் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் அத்தகைய குழந்தைகளுக்காகக் கையாண்ட பயிற்சிகளை ஆராய்ந்து, அவற்றைத் திருத்தியும் விரித்தும் தமது கருவிகளை அமைத்தார்.

1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள், ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'காசா தெய் பம்பினி', அதாவது 'குழந்தைகள் இல்லம்', திறக்கப்பட்டது. இது தனிப் பள்ளிக் கட்டடத்தில் அமையவில்லை. பல குடும்பங்கள் வாடகைக்கு வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளேயே அமைந்திருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட சிறுவர்கள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்காதிருக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் நோக்கம். ஆசிரியர் அதே குடியிருப்பில் வசிக்க வேண்டும், குழந்தையைத் தூய்மையாக அனுப்ப வேண்டும், தாய் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியரைச் சந்திக்க வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. தாய்மார் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். பின்னாளில் வீட்டுக்குள் பள்ளியைக் கொண்டுவர முயன்றவர்கள், இம்முறை பிறந்த இடமே ஒரு குடியிருப்பின் உட்பகுதி என்பதைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. எனினும் அங்கிருந்தோர் ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

அங்கு நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை மாண்டிசோரி தம் நூல்களில் எடுத்துரைத்துள்ளார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் வேலையை, சுற்றிலும் மற்றக் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தபோதும், நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். மற்றொரு நாள் ஆசிரியர் அலமாரியைப் பூட்ட மறந்து, காலையில் தாமதமாக வந்தார். குழந்தைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர் அதைத் திருட்டு என்று கருதினார். தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கக் குழந்தைகள் அறிந்திருக்கிறார்கள் என்று மாண்டிசோரி கருதினார். பூட்டிய அலமாரி நீங்கி, கைக்கெட்டும் திறந்த அடுக்குகள் வந்தது இதன் பின்னரே.

இம்முறை வீடுகளுக்குள் நுழைந்ததில் அமெரிக்க எழுத்தாளர் டோரதி கான்ஃபீல்ட் ஃபிஷருக்குப் பெரும் பங்குண்டு. ரோமில் குழந்தைகள் இல்லத்தை நேரில் கண்டு திரும்பிய அவர், 1912 ஆம் ஆண்டு 'ஒரு மாண்டிசோரித் தாய்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலையும், அடுத்த ஆண்டு பெற்றோருக்கும் ஆசிரியருக்குமான ஒரு கையேட்டையும் வெளியிட்டார். 1914 இல் மாண்டிசோரி தாமே ஒரு கையேடு வெளியிட்டார். 'மருத்துவர் மாண்டிசோரியின் சொந்தக் கையேடு' என்ற அதன் ஆங்கிலத் தலைப்பு, பிறர் தரும் விளக்கங்களிலிருந்து தம் முறையைப் பிரித்துக்காட்ட அவர் விரும்பியதை உணர்த்துகிறது. பயிற்சி பெறாதோர் இம்முறையைக் கையாள்வது குறித்து அவருக்கு இறுதிவரை தயக்கம் இருந்தது.

அமெரிக்காவில் இம்முறையின் முதல் அலை விரைவில் ஓய்ந்தது. 1960 இல் அமெரிக்க மாண்டிசோரி சங்கம் தோன்றியபின் ஆர்வம் மீண்டும் வளர்ந்தது. 1968 இல் எலிசபெத் ஹைன்ஸ்டாக் எழுதிய, வீட்டில் மாண்டிசோரி முறையில் கற்பிப்பது பற்றிய நூல், கருவிகளைப் பெற்றோர் தாமே செய்துகொள்ளும் வழிகளைக் கூறியது. 1970களில் ஜான் ஹோல்ட் போன்றோரால் வளர்ந்த வீட்டுக்கல்வி இயக்கம் வேறு திசையிலிருந்து வந்து இதனோடு கலந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஹோல்ட் பாடத்திட்டத்தையே ஐயுற்றவர். மாண்டிசோரியோ, ஒவ்வொரு கருவிக்கும் வரிசையும் பயன்படுத்தும் முறையும் வகுத்தவர்.

சென்னையும் கொடைக்கானலும்

இம்முறையின் வரலாற்றில் தமிழகத்துக்கு நேரடியான இடம் உண்டு. ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி அருண்டேல் ஆகியோரின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் 1939 ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இருவரும் பகைநாட்டவர் என்ற முறையில் ஆங்கிலேய அரசின் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயினர். மாரியோ காவலில் வைக்கப்பட்டார். தாயாரின் எழுபதாம் பிறந்த நாளான 1940 ஆகஸ்ட் 31 அன்று அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான கல்வித் திட்டம் பெரிதும் அங்குதான் உருப்பெற்றது. பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையைப் பற்றிய அவரது கருத்துகளும் இந்திய ஆண்டுகளில் விரிவடைந்தன. இக்கருத்துகளைக் கூறும் நூல் 1949 இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பு 'ஈர்த்துக்கொள்ளும் மனம்' என்று பொருள்படும். இளங்குழந்தைகளை வீட்டில் வளர்ப்போர் இன்று மிகுதியாகப் படிப்பது இந்நூலையே.

இலங்கையில் 'மொண்டிசோரி' என்ற சொல் முன்பள்ளி என்னும் பொதுப்பொருளிலேயே வழங்குகிறது. அவ்வாறு அழைக்கப்படும் எல்லா இடங்களிலும் இம்முறை பின்பற்றப்படுகிறது என்று கொள்வதற்கில்லை.

அடிப்படைக் கருத்துகள்

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, சூழலில் உள்ளதை முயற்சியின்றி உள்வாங்கிக்கொள்கிறது என்பது மாண்டிசோரியின் அடிப்படைக் கருத்து. தாய்மொழியைக் கற்பது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மொழி, ஒழுங்கு, நுண்ணிய பொருள்கள், கை அசைவு போன்றவற்றில் குழந்தைக்கு அளவுகடந்த ஈடுபாடு தோன்றி மறையும் காலங்கள் உண்டு என்றும் அவர் கூறினார். இவை உணர்திறன் பருவங்கள் எனப்படும். இச்சொல்லை அவர் டச்சு உயிரியலாளர் ஹியூகோ டி விரீசிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

இவற்றிலிருந்து மூன்று நடைமுறைகள் பிறக்கின்றன. குழந்தை தானே எடுத்துச் செய்யத்தக்க வகையில் இடத்தை ஆயத்தப்படுத்த வேண்டும். எதைச் செய்வது, எவ்வளவு நேரம் செய்வது என்பதை, வரையறுத்த எல்லைக்குள், குழந்தை முடிவு செய்ய வேண்டும். தவற்றைப் பெரியவர் சுட்டாமல் பொருளே சுட்ட வேண்டும். உருளை தவறான குழியில் இருந்தால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. குழந்தை தன் தவற்றைத் தானே கண்டுகொள்கிறது. பாராட்டும் பரிசும் தண்டனையும் இம்முறையில் இடம்பெறுவதில்லை.

வீட்டில் எளிதாகப் பொருந்துவன

மாண்டிசோரி வகுப்பறையில் மூன்று வயதுக் குழந்தை முதலில் செய்வது அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளை. நீர் ஊற்றுதல், துடைத்தல், பெருக்குதல், பொத்தான் போடுதல், காய் நறுக்குதல், செடிக்கு நீர் விடுதல் ஆகியன இவற்றுள் அடங்கும். இவை வீட்டிலிருந்து பள்ளிக்குச் சென்றவை. ஆதலால் இப்பகுதியில் வீட்டுக்கே மேம்பாடு உண்டு. வகுப்பறையில் துடைப்பதற்கென்று ஒரு மேசை வைக்க வேண்டியுள்ளது. வீட்டில் சாப்பிட்ட இடம் உண்மையாகவே துடைக்கப்பட வேண்டியிருக்கிறது.

தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் இதற்குரிய வேலைகள் நிறைந்துள்ளன. கீரை ஆய்தல், பூண்டு உரித்தல், பட்டாணி உரித்தல், சப்பாத்தி மாவு உருட்டுதல், வாழை இலையைத் துடைத்தல் ஆகியன மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளால் இயலும். துவரை, உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றைக் கலந்து வைத்துப் பிரிக்கச் செய்வது பலர் கையாளும் பயிற்சி. ஆனால் பெரியவர் வேண்டுமென்றே கலந்து வைத்ததைப் பிரிப்பதைவிட, சமையலுக்கான பருப்பில் கல் பொறுக்குவது இம்முறையின் நோக்கத்துக்கு நெருக்கமானது. அதன் பயனைக் குழந்தை அன்றைய உணவிலேயே காண்கிறது.

இதற்கு வேண்டிய மாற்றங்கள் சிறியவை, ஆனால் கட்டாயமானவை. குழந்தையின் கையளவுக்குரிய துடைப்பமும் சொம்பும் வேண்டும். தண்ணீர்க் குழாயை எட்ட உறுதியான முக்காலி வேண்டும். உடைகள் தாழ்ந்த அடுக்கில் இருக்க வேண்டும். பீங்கானும் கண்ணாடியும் குழந்தைக்குத் தரப்படுகின்றன. கீழே விழுந்தால் உடையும் என்பதே அதைக் கவனமாகப் பிடிக்கக் கற்றுத்தருகிறது என்பது மாண்டிசோரியின் கருத்து. தனி அறை தேவையில்லை. ஒரு பாயும், ஆறேழு பொருள்கள் மட்டும் வைத்த ஒரு தாழ்ந்த அடுக்கும் போதும். பாயின் எல்லையே குழந்தையின் வேலையிடத்தின் எல்லை. வேலை முடிந்ததும் பொருள் எடுத்த இடத்துக்குத் திரும்புகிறது, பாய் சுருட்டப்படுகிறது.

கருவிகள்

புலன் பயிற்சிக் கருவிகளில் பெரிதும் அறியப்பட்டது இளஞ்சிவப்புக் கோபுரம். இது 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பக்க அளவுடைய பத்துக் கனசதுரங்களால் ஆனது. நிறமும் வடிவமும் பொருளும் ஒன்றாக இருக்க, அளவு மட்டுமே மாறுகிறது. ஒரே ஒரு பண்பைத் தனிமைப்படுத்திக் காட்டுவதே இத்தகைய கருவிகளின் இரகசியம். சந்தையில் 'மாண்டிசோரி' என்ற பெயரோடு விற்கப்படும் பல வண்ண விளையாட்டுப் பொருள்களில் இவ்விதி காணப்படுவதில்லை. 'மாண்டிசோரி' ஒரு பொதுச்சொல் என்றும், அதை எவரும் தனியுரிமை கோர இயலாது என்றும் 1967 இல் அமெரிக்க வணிகக்குறி ஆணையம் முடிவு செய்தது. எனவே பெயரைக் கொண்டு பொருளின் தரத்தை மதிப்பிட முடியாது.

துல்லியமான அளவு தேவைப்படும் கோபுரம், உருளைகள் போன்றவற்றை வீட்டில் செய்வது கடினம். விலையும் மிகுதி. ஒரு பள்ளியில் முப்பது குழந்தைகள் பல்லாண்டுகள் பயன்படுத்தும் கருவி, வீட்டில் ஒரு குழந்தையால் சில மாதங்களே பயன்படுத்தப்படுகிறது. ஆகவே அளவு வரிசையில் அடுக்கத்தக்க வீட்டுப் பாத்திரங்களை மாற்றாகக் கொள்வோர் உண்டு. இது முழு மாற்று ஆகாது எனினும், முற்றிலும் பயனற்றதும் அன்று.

எண்ணுக்கு வரும்போது ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிப் பிரித்து வைப்பதற்குப் புளியங்கொட்டை போதும். ஆனால் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றைக் காட்டும் பொன்மணிகளுக்கு உதிரிக் கொட்டைகள் ஈடாகா. பத்து மணிகள் ஒரு கம்பியில் கோக்கப்பட்டு ஒரு கோலாகவும், பத்துக் கோல்கள் இணைந்து ஒரு சதுரமாகவும், பத்துச் சதுரங்கள் அடுக்கி ஒரு கனசதுரமாகவும் இருப்பதால்தான் குழந்தை ஆயிரத்தின் பருமனையும் எடையையும் கையால் உணர்கிறது. தமிழ் எண்ணுப்பெயர்கள் இங்குத் துணைசெய்கின்றன. 'பதினொன்று', 'இருபத்திரண்டு' என்னும் பெயர்களிலேயே பத்தும் ஒன்றும் தெரிகின்றன. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டுமே குழந்தையைத் தடுமாற வைப்பவை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிறு மணிகளையும் விதைகளையும் வாயில் போட்டுக்கொள்வதால் மூச்சடைப்பு நேரலாம். பல்லாங்குழிக்குப் பயன்பட்ட குன்றிமணி கடும் நச்சுடையது. அது எவ்வயதுக் குழந்தைக்கும் தரத்தக்கதன்று.

தமிழ் எழுத்துகளைக் கற்பித்தல்

மாண்டிசோரி முறையில் எழுதுதல் படித்தலுக்கு முன் வருகிறது. குழந்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரு விரல்களால் தடவியவாறே அதன் ஒலியைச் சொல்கிறது. பின்னர், கையால் எழுதும் திறன் வருமுன்னரே, தனித்தனியாக வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொற்களை ஆக்குகிறது. ஒலியை அறிமுகம் செய்வது செகுவின் வகுத்த மூன்று படிப் பாடத்தால் ஆகும். முதலில் 'இது ம்' என்று பெயர் சொல்லப்படும். அடுத்து 'ம் எது, காட்டு' என்று கேட்கப்படும். இறுதியில் 'இது என்ன' என்று கேட்கப்படும். மூன்றாம் படியில் குழந்தை தவறினால் திருத்தாமல், வேறொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியதோடு இதனை ஒப்பிடுவதுண்டு. ஒற்றுமை விரலின் பயன்பாட்டில் மட்டுமே உள்ளது. மணலில் குழந்தையே வடிவத்தை ஆக்க வேண்டும். உப்புத்தாளில் வடிவம் முன்பே உள்ளது, விரல் விலகினால் வழவழப்பு அதை உணர்த்திவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் பயன்படுத்துவது நன்று.

இத்தாலிய எழுத்துகளுக்காக அமைந்த இம்முறையைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன. தமிழின் 247 எழுத்துகளையும் உப்புத்தாளில் வெட்டுவது வீண் உழைப்பு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், உயிர்மெய்க் குறிகள் என்று பிரிப்பதே முறை. மெய்யை 'இக்', 'இங்' என்று பெயராகச் சொல்லாமல் 'க்', 'ங்' என்று ஒலியாகவே சொல்ல வேண்டும். மரம், படம், கல், பல், பழம், பட்டம், கடல் போன்ற சொற்களுக்கு அகர உயிர்மெய்யும் மெய்யும் போதுமாகையால் தொடக்கத்துக்கு இவை ஏற்றவை. அடுத்து, தனித்து நிற்கும் கால் குறியைச் சேர்த்துப் பால், கால், வால், பாலம் என்று ஆக்கலாம்.

இதற்கு அப்பால்தான் சிக்கல். 'கொடி' என்னும் சொல்லில் குழந்தையின் காது முதலில் கேட்பது ககர ஒலியை. கண் முதலில் காண்பதோ கொம்பை. ஒலி வரிசையும் எழுத்து வரிசையும் மாறுபடுகின்றன. உகர, ஊகார வரிசைகளில் கு, சு, மு, று என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் குறியை மட்டும் தனியே வெட்டி ஒட்ட இயலாது. அவ்வரிசைகளை முழு எழுத்துகளாகவே தர வேண்டியுள்ளது. ஆங்கில எழுத்துப் பெட்டியை விலைக்கு வாங்கிய குடும்பங்கள், தாய்மொழிக்கு ஏற்ற பெட்டி இல்லை என்னும் ஒரே காரணத்தால் முதலெழுத்தாக ஆங்கிலத்தைக் கற்பிப்பது இம்முறைக்கு நேர்மாறானது. ஏனெனில், குழந்தை பேசும் மொழியின் ஒலிகளிலிருந்தே இங்கு எழுத்து பிறக்கிறது. அட்டையும் உப்புத்தாளும் கத்தரிக்கோலும் கொண்டு தமிழ்ப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும்.

பெற்றோரின் பங்கு

கருவிகளைவிடக் கடினமானது பெரியவரின் அடக்கம். மாண்டிசோரி ஆசிரியர் ஒரு செயலை மெதுவாக, குறைந்த சொற்களில் செய்துகாட்டி விலகிவிடுகிறார். பின்னர் கவனித்துக் குறிப்பெடுக்கிறார். குழந்தை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது பாராட்டுவதற்காகக்கூடக் குறுக்கிடுவதில்லை. வகுப்பறையில் நாற்பது குழந்தைகள் இருப்பதால் ஆசிரியரின் கவனம் இயல்பாகவே பரவிவிடுகிறது. வீட்டில் ஒரு குழந்தையின்மீது ஒரு பெரியவரின் முழுக்கவனமும் விழுகிறது. குழந்தை தடுமாறும்போதெல்லாம் கை நீட்ட ஆள் இருக்கிறார். இதுவே வீட்டில் இம்முறை பெரும்பாலும் தவறும் இடம்.

பள்ளியில் இடையூறில்லாத மூன்று மணிநேர வேலைப்பொழுது ஒதுக்கப்படும். வீட்டில் அழைப்புமணி, தொலைபேசி, விருந்தினர், கைக்குழந்தையின் அழுகை ஆகியவற்றுக்கு நடுவே இது எளிதன்று. ஒரு மணி நேரமேனும் நாள்தோறும் ஒரே பொழுதில் காப்பாற்றுவது, நாள் முழுவதும் விட்டுவிட்டு நடத்துவதைவிடப் பயன் தரும். கூட்டுக் குடும்பங்களில் வேறொரு சிக்கலும் எழுகிறது. குழந்தை தானே சட்டை போட முயலும் பத்து நிமிடங்களைப் பாட்டியார் அன்பினால் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். காரணம் விளக்கப்படாவிடில், குழந்தைக்கு உதவாதிருப்பது அவருக்கு அன்பின்மையாகவே தோன்றும்.

வீட்டில் பெற இயலாதது

மூன்று வயதுக் குழந்தை ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்துக் கற்பதும், ஐந்து வயதுக் குழந்தை சிறியோர்க்குக் கற்பித்துத் தான் தெளிவதும் இம்முறையின் உயிர்நாடி. ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்று வைக்கப்படுவதும் இதற்காகவே. பிறர் பயன்படுத்தும்போது காத்திருக்கக் குழந்தை பழகுகிறது. ஒரே குழந்தையுள்ள வீட்டில் இவை நிகழ வழியில்லை. உடன்பிறந்தோர் இருந்தால் ஓரளவு நிகழலாம். அண்டை வீட்டு அல்லது உறவினர் குழந்தைகள் நால்வர், ஐவரை வாரத்தில் சில நாள்கள் ஒன்றுசேர்ப்பது இக்குறையை ஓரளவு போக்கும்.

திறனாய்வுகளும் ஆய்வுகளும்

கொலம்பியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கில்பாட்ரிக் 1914 இல் வெளியிட்ட நூல், கருவிகள் குழந்தையின் கற்பனையையும் கூட்டுச் செயலையும் குறுக்குகின்றன என்று குறைகூறியது. ஆனால் அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளை அது வரவேற்றது. தேவதைக் கதை போன்ற புனைவுகளைவிட உண்மை உலகையே இளங்குழந்தைக்கு முதலில் தர வேண்டும் என்ற மாண்டிசோரியின் கருத்து இன்றளவும் வாதத்துக்குரியது. கதை கேட்டு வளரும் குழந்தைகளின் மொழிவளத்தைக் கண்டோர் இதனை முழுமையாக ஏற்பதில்லை.

2006 இல் ஏஞ்சலின் லில்லார்ட், நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட் ஆகியோர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம்பெற்ற குழந்தைகளையும் இடம்பெறாதவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து வயதில் இடம்பெற்றோர் படிப்பிலும் கணக்கிலும் சமூக நடத்தையிலும் சிறந்திருந்தனர். லில்லார்ட் 2012 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இம்முறையைப் பிற பொருள்கள் கலவாது பின்பற்றிய வகுப்புகளே கூடுதல் பயன் தந்தன. இவை பள்ளிகளில் நடந்த ஆய்வுகள். பயிற்சி பெற்ற ஆசிரியரும் பல வயதுக் குழந்தைகளும் இருந்த இடத்தின் முடிவை, தாயும் ஒரு குழந்தையும் மட்டும் உள்ள வீட்டுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. இம்முடிவுகளை வீட்டுக்கருவி விற்பனை விளம்பரங்களில் காண நேர்ந்தால் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளலாம்.

சட்ட நிலை

இந்தியாவில் 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை வீட்டில் கற்பிப்பதற்கு அதனால் தடையில்லை. அவ்வயதுக்குப் பின் வீட்டுக்கல்வியைத் தொடர்வது பற்றி அச்சட்டம் வெளிப்படையாக ஏதும் கூறவில்லை. இங்கிலாந்தில் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி அளிக்கலாம் என்று 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. ஜெர்மனியில் பள்ளி செல்வது கட்டாயம். வீட்டுக்கல்விக்கு அங்கு இசைவு மறுக்கப்பட்டது மனித உரிமை மீறல் ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006 இல் முடிவு செய்தது. புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் தாம் வாழும் நாட்டின் பள்ளி வயதை அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

ஆறு வயதில் பள்ளியில் சேரும் குழந்தை, தானே வேலையைத் தேர்ந்து பழகியதால், மணியடித்துப் பாடம் மாறும் வகுப்பில் முதல் சில வாரங்கள் திகைப்பதுண்டு. தொடங்கிய வேலையை முடிக்கவிடாமல் எழுப்புவதே இத்தகைய குழந்தைக்குப் பெரிதும் பிடிபடாதது. இதனைச் சேர்க்கும்போதே வகுப்பாசிரியரிடம் தெரிவித்துவிடும் பெற்றோர் உள்ளனர்.